மாடிக்குப் போகும் ஒயர்

செப்டம்பர் 4, வெள்ளி

மாமிக்குப் புதுப் பல் செட் இன்று முடிந்தது. கீழ்வரிசை இடிக்கிறதாம். நாளெல்லாம் வாயை மூடாமல் இருந்தால் எந்தப் பல் செட்தான் ஈறில் உட்காரும்? பல் கிளினிக்கின் பின்னறையில் எத்தனையோ பேருக்குப் பல் கட்டிக் கொடுத்திருக்கிறேன், மாமியிடம் வாங்குகிற மாதிரி வேறு ஒருவரிடமும் பேச்சு வாங்கியதில்லை. இருந்தாலும் விட முடியுமா? என் வீட்டுக்காரரைக் கைக்குழந்தையிலிருந்து எடுத்து வளர்த்தவர்கள் மாமாவும் மாமியும். தாய்மாமன் வீடுதான் இவருக்குத் தாய்வீடு. எனக்கு மாமிதான் மாமியார்.

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் மாடியில் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். “போன தடவை யாரெல்லாம் ஓட்டுப் போட்டீங்க?”

ஒருவரும் நிமிரவில்லை.

“யாருக்கு?” என்றாள் ஒருத்தி.

“யாருக்காவது.”

மாமிதான் பதில் சொன்னார். “எங்க வீட்டுல ஒரே ஓட்டுதாம்மா. அவர் போட்டா எல்லாரும் போட்ட மாதிரி. அவர் சாப்பிட்டா மட்டும் எனக்கு வயிறு நெறைய மாட்டேங்குது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும். படி இறங்கும்போதுதான் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

மாடி அறையில் ஒரே ஜன்னல், அதற்கும் மரத்தட்டி. கீழே பேசுவதெல்லாம் ஒரு ஒயர் வழியாக ஏறி மூலையில் இருக்கும் ஸ்பீக்கரில் எங்களுக்குக் கேட்கும். என் வீட்டுக்காரர் இழுத்த ஒயர். சவுண்ட் சர்வீஸ்காரர் பெண்டாட்டி என்பதால் அந்தப் பெட்டியைத் துடைப்பது என் வேலை. எல்லாம் முடிந்ததும் கீழே இவர் ஹால் ஸ்பீக்கரை முதலில் நிறுத்தி, கடைசியாக மாடிச் சுவிட்சை அணைப்பார். ‘டொக்’. அதோடு கீழே என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பேசுவது கீழே போக எப்போதுமே வழி கிடையாது.

செப்டம்பர் 7, திங்கள்

எங்கள் தெருவில் இருக்கும் கணக்கு டீச்சரோடு வீடு வீடாகப் போனேன். 27ஆம் தேதி ஞாயிறு வார்டு தேர்தல். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது.

இவ்வளவு அவசரம் எதற்கு என்று எனக்கு நானே எழுதிவைக்க வேண்டும். பஸ் டிப்போவுக்குப் போகும் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். வரைபடத்தில் கோடு, இறந்தவர்களை அடக்கும் மையவாடியின் பின்சுவரை ஒட்டிப் போகிறது. ஒரு மூலையில் உள்ளேயும் போகிறது. அந்த மூலையில்தான் என் வாப்பாவை அடக்கினோம். போன கவுன்சில் கூட்டத்தில் எங்கள் வார்டு கவுன்சிலர் எழுந்து, “அந்தப் பகுதி மக்களிடம் ஆட்சேபணை எதுவும் இல்லை” என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் படித்துக் காட்டினார். பொய்யும் இல்லை. எங்கள் தெருவிலிருந்து யார் எப்போது அங்கே போய் என்ன கேட்டோம்? பாதிப் பேர் ஓட்டே போடுவதில்லை, பெண்களில் முக்கால்வாசி. ஆட்சேபணை எங்கிருந்து வரும்?

ஒரு வீட்டில்: “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் ராத்தா.”

“உன் பேரைச் சேக்க அவர் எதுக்கு?”

“என் பேரைச் சொல்லிக் கூப்பிடற ஒரே ஆளு அவருதானே!”

இன்னொரு வீட்டில்: “அங்க போனா முகத்தைக் காட்டச் சொல்வாங்களாமே?”

டீச்சர் சொன்னார், “பொம்பளை ஆபீசர் வேணும்னு கேக்கலாம். தனியா திரை போட்டுப் பாப்பாங்க. நம்ம உரிமை அது.”

“அப்ப சரி. போட்டோவுல குண்டா இருக்கேன், அதை ஆம்பளை பாக்க வேணாம்.”

நல்ல நாள்தான். திரும்பும்போது பள்ளிவாசல் மாடிப்படிக்கு எதிரே தெருவிளக்கு எரியவில்லை. நேற்று எரிந்ததே.

செப்டம்பர் 9, புதன்

மாடிப்படிச் சுவரில் ஓட்டுப் பற்றி நாங்கள் ஒட்டிய தாளைக் காணோம். கிழிக்கவில்லை. பிளேடு வைத்து, ஓரம் பார்த்து, நிதானமாக அறுத்து எடுத்திருக்கிறார்கள். கோபத்தில் கிழித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

செப்டம்பர் 11, வெள்ளி

தொழுகை நடத்தும் இளம் அஜ்ரத் இன்று பயான் பிரசங்கத்தில் மூன்று வாக்கியம் சொன்னார். ஓட்டு என்பது சாட்சி சொல்வது மாதிரி. சாட்சிக்குக் கூப்பிட்டால் ஒளிந்துகொள்ளக் கூடாது. ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். அவ்வளவுதான் சொன்னார். மாடியில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கீழே யாரோ இருமினார்கள். மாமா. பள்ளிவாசல் தலைவர் என்று அவர் ஒரு தடவையும் குரலை உயர்த்தியதில்லை. இருமுவார். சளிக்கு ஒரு இருமல், ஆளை அடக்க ஒரு இருமல். இது இரண்டாவது.

மாலையில் இவர் கடையிலிருந்து நேரமாகியும் வரவில்லை. வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“மாமா கூப்பிட்டிருந்தார்.”

“எதுக்கு?”

“சும்மா.” பிறகு, “வேலை முடிஞ்சா நேரா வீட்டுக்கு வந்துடு. சுத்தி வராத.”

“ஏன்?”

“விளக்கு எரியலல்ல.”

அவர் எழுந்து போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தார். படுக்கும்முன் இன்னொரு தடவை பார்த்தார். அது அவர் வழக்கம். ஆனால் இன்று வாசல் கதவையும் இரண்டு தடவை பார்த்தார்.

செப்டம்பர் 14, திங்கள்

கவுன்சிலர் கிளினிக்குக்கு வந்தார். மேல்வரிசையில் ஒரு பல் விழுந்த இடத்துக்கு, பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பாலம் ஒன்று கட்ட வேண்டும். அச்சு எடுப்பதை டாக்டரம்மா பார்த்துக்கொண்டார். பல்லின் நிறம் பார்க்க என்னைக் கூப்பிட்டார். நிற அட்டையை அவர் உதட்டோரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

அட்டையை எடுத்ததும், “நீங்க பள்ளிவாசல் தெருவா?” என்றார்.

“ஆமாங்க.”

“அமைதியான தெரு. எனக்கு ரொம்பப் பிடிச்ச தெரு. அப்படியே இருக்கணும்.”

ஏதாவது சொல்ல வேண்டும் என்று, “தெருவிளக்கு எரியலைங்க” என்றேன்.

“அப்படியா?” உண்மையாகவே கவலைப்படுகிறவர் மாதிரி முகம். “இருட்டுல ஜாக்கிரதையாப் போங்கம்மா.”

நான் எந்தத் தெரு என்று அவருக்கு யார் சொன்னது? கழுத்திலா எழுதி ஒட்டியிருக்கிறது?

சாயங்காலம் அவருடைய அச்சில் பிளாஸ்டர் ஊற்றினேன். காய்ந்து வந்ததும் பார்த்தேன். கடைவாய்ப் பற்கள் மொட்டையாகத் தேய்ந்து போயிருக்கின்றன. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற ஆள். எதற்கு இவருக்கு இவ்வளவு கடி? ஜெயித்துக்கொண்டே இருக்கிறவர்தானே.

செப்டம்பர் 16, புதன்

தெருமுனையில் ஒரு பைக். ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறான். நேற்றும் இருந்தான். மாலைத் தொழுகை முடிந்து பெண்கள் மாடிப்படி இறங்கி முடித்ததும் கிளம்பிப் போகிறான். யாரையும் எதுவும் சொல்வதில்லை.

செப்டம்பர் 18, வெள்ளி

எழுதித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே இது நடக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

அஜ்ரத் இன்று ஓட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. பொறுமையைப் பற்றிப் பேசினார். தொழுது முடித்து, துஆ ஓதி, கீழே ஆண்கள் கலையும் சத்தம் கேட்டது. நாங்கள் ‘டொக்’ வரும் என்று காத்திருந்தோம் என்று சொல்ல முடியாது; யாரும் அதற்காகக் காத்திருப்பதில்லை, தானாக வரும். இன்று வரவில்லை. டீச்சர் ஓட்டுச்சாவடியில் எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூலையில் பெட்டி லேசாக இரைந்துகொண்டே இருந்தது.

அப்புறம் அதிலிருந்து மாமாவின் குரல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

“கதவைச் சாத்து. ஆம்பளைங்க ஓட்டு எப்பவும்போல விழும். பொம்பளைங்க வீட்டோட இருந்தாப் போதும்னு கவுன்சிலர் சொல்லிட்டாரு. நானும் சரின்னுட்டேன்.”

வேறு யாரோ, “மையவாடிச் சுவரு?”

“சுவத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லுகூட நகராது. வாக்குக் கொடுத்திருக்காரு. ஆனா ஒண்ணு. ஓட்டைப் பெட்டி பெட்டியா எண்ணுறாங்க. நம்ம பெட்டியில யாருக்கு என்ன விழுந்துச்சுன்னு மறுநாளே அவருக்குத் தெரியும். மாத்தி விழுந்துச்சுன்னு வை, சுவரை இடிக்கறப்ப அங்க அடங்கிக் கிடக்கற மையத்துங்களுக்கு நீ பதில் சொல்வியா, நான் சொல்லுவேனா?”

டீச்சரின் பேச்சு எப்போதோ நின்றுவிட்டது. ஒருத்தி குழந்தையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசினால் கீழே கேட்காது. ஆனாலும் யாரும் மூச்சுக்கூட விடவில்லை.

“உன் பொண்டாட்டிதான்டா முன்னால நின்னு கூட்டிட்டுப் போறா,” என்றார் மாமா. “பெத்த புள்ளைகிட்ட பேசற மாதிரிப் பேசறேன். அவ வந்தா எல்லாரும் வருவாங்க. அவ வரலேன்னா ஒருத்தியும் வர மாட்டா.”

இரைச்சல். இரைச்சல் மட்டும். பிறகு என் வீட்டுக்காரர் குரல். அளந்து, தெளிவாக. வீட்டில்கூட அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“அவளை நான் பாத்துக்கறேன் மாமா. ஓட்டு அன்னைக்கு அவ ஊர்லயே இருக்க மாட்டா. அவ அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்.”

அதன் பிறகுதான் ‘டொக்’.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள், அதுதான் தாங்கவில்லை. மாமி மட்டும் பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினார். மாமி பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

செப்டம்பர் 19, சனி

ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை. அவர் அப்படியே சாப்பிட்டு எழுந்தார்.

கேட்டுவிடலாமா? கேட்டால் ஒத்துக்கொள்வார். பொய் சொல்லத் தெரியாத ஆள். ஒத்துக்கொண்ட பிறகு இந்த வீட்டில் அவருக்கு எப்படிச் சோறு போடுவது? வெளியூரில் படிக்கிற மகளுக்கு போனில் என்ன சொல்வது — உங்க வாப்பா என்னை மூட்டை கட்டி எடுத்துக்கிட்டுப் போகப் போறாரு என்றா?

ஹெல்மெட்காரனுக்குப் பயந்தேன். அவன் தெருமுனையோடு சரி. இவர் ஒரே போர்வைக்குள் படுத்திருக்கிறார்.

செப்டம்பர் 22, செவ்வாய்

பஸ் டிக்கெட் வாங்கி வந்துவிட்டார்.

“உங்க அண்ணனுக்கு உடம்பு சரியில்லையாம். ஞாயித்துக்கிழமை காலையில போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்.”

“ஞாயித்துக்கிழமையா?”

“ம்.”

என் முகத்தைப் பார்க்கவில்லை. ரெண்டு டிக்கெட்டையும் பிரிட்ஜ் மேல் வைத்து, காற்றில் பறக்காமல் ஸ்பேனரை அதன்மேல் வைத்தார். மூன்று நாளாக ரொம்பத் தன்மையாக இருக்கிறார். எனக்கு முன்னால் எழுந்து டீ போடுகிறார். ஆட்டுக்கு இலை காட்டுகிற மாதிரி.

“சரி” என்றேன். ஏன் சொன்னேன்? இன்னும் தெரியவில்லை. வாய் சொல்லிவிட்டது.

செப்டம்பர் 25, வெள்ளி

மாடியில் பாதிப் பாய்கள் காலி. வந்தவர்களும் என்னை விட்டுத் தள்ளித் தொழுதார்கள். தொற்று நோய்க்காரி மாதிரி இருந்தேன். துஆ முடிந்ததுமே ‘டொக்’ வந்தது, வழக்கம்போல உடனே.

டீச்சர் பாயைச் சுருட்டிக்கொண்டே, சாதாரணமாக, “ராத்தா, ஞாயித்துக்கிழமை எங்க கூடறது? இந்தப் படிக்குக் கீழயா, ஓட்டுப் போடற ஸ்கூல் வாசல்லயா?” என்று கேட்டார். வருவீர்களா என்று கேட்கவில்லை.

நான் சுருட்டிய பாயை மறுபடி விரித்துச் சுருட்டினேன்.

மாமிதான் திடீரென்று, “என்னடி எல்லாரும் என்னையும் அவளையும் மாறி மாறிப் பாக்கறீங்க? பெட்டியில வந்தது யார் குரல்னு எனக்குத் தெரியாதா? அந்தக் குரலோடதானே குடித்தனம் பண்றேன்!” என்றார். பிறகு மெதுவாக, “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. ஓட்டுப் போடாதன்னு சொன்னாப் போடாம இருந்திருப்பேன். சொல்லக்கூட வேணாம்னு நினைச்சுட்டாரு பாரு. அதான் எரியுது.”

“இப்ப என்ன பண்ணப் போறீங்க மாமி?”

“ஓட்டு கார்டைத் தேடிக்கிட்டிருக்கேன். அரிசி டப்பாவுல வச்ச ஞாபகம்.”

யாரோ சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் மாடியில் கேட்ட முதல் சிரிப்பு.

கீழே தெருமுனையில் இன்று இரண்டு பைக்.

செப்டம்பர் 26, சனி

பையில் இரண்டு புடவை, ஒரு துண்டு, சோப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் என் கார்டு. எடுத்து வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். கடைசியில் கைப்பைக்கு மாற்றினேன். அவர் கதவருகில் நின்றிருந்தார் என்று நினைக்கிறேன். திரும்பினால் இல்லை.

செப்டம்பர் 27, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போனோம். ஹெல்மெட்காரன் டீக்கடைக்கு வெளியே நின்றிருந்தான். முதல் தடவையாக ஹெல்மெட் இல்லாமல். சின்னப் பையன் முகம்தான், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நாங்கள் பஸ் ஏறுவதைப் பார்த்தான். போனில் இரண்டு வார்த்தை பேசினான். பஸ் நகர்ந்ததும் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

பஸ்ஸில் எனக்கு எப்போதும் ஜன்னலோரம்தான். எனக்குக் குமட்டும் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் விட்டுக் கொடுத்த இடம். இன்று அவரே முதலில் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். நான் வழியோரம். அதுகூட இல்லையா எனக்கு என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எவ்வளவு அற்பமான விஷயத்துக்கு.

ஊர் முடிகிற இடத்தில், பெட்ரோல் பங்க் பக்கத்தில் பஸ் ஆள் ஏற்ற நின்றது. அங்கிருந்து பார்த்தால் பள்ளிவாசல் மினாரின் நுனி தெரியும். நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை.

“நான் இறங்கறேன். ஓட்டுப் போடணும்.”

கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். உடம்பு அதற்குத் தயாராக விறைத்து நின்றது. அவர் குனிந்தார். என் காலடியில் வழியை மறித்துக் கிடந்த பையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“குடையை எடுத்துக்க. வெயில் ஏறிடும்” என்றார்.

இறங்கினேன். பஸ் போய்விட்டது. அவர் திரும்பிப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் பார்க்கவில்லை.

மாடிப்படிக்குக் கீழே அவர்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் இல்லை. ஆனால் நான் நினைத்ததைவிட அதிகம். மாமி நடுவில், கையில் கார்டு, அதன்மேல் அரிசி மாவு. டீச்சர் என் குடைக்குள் வந்து நின்றுகொண்டார். நடந்தோம். எதிர்ப்பக்கம் இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்து எங்களைப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு முகமாக. மாமி அவர்களைப் பார்த்து, “சீக்கிரம் எடுங்கப்பா, பல் கழண்டுடப் போகுது” என்றார். என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

திரைக்குப் பின்னால் பெண் அதிகாரி. முகம் பார்த்தார், கார்டைப் பார்த்தார், விரலில் மை வைத்தார். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்த மாமி, “இவ்வளவுதானா?” என்றார் ஏமாற்றமாக. “இதுக்கா இத்தனை பேர் நம்மளைக் கண்டு நடுங்கறாங்க?”

ராத்திரி தனியாக இருக்கிறேன். கதவை இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 28, திங்கள்

சாயங்காலம் வந்தார். பையை வைத்தார். அண்ணன் நன்றாக இருக்கிறாராம். மாமா அவரை வழியிலேயே நிறுத்திக் கேட்டிருக்கிறார். “பஸ்ல ஏத்தினேன் மாமா. இறங்கிட்டா” என்று சொன்னாராம். என்னிடம் சொல்லும்போதும் அதே நாலு சொல்தான்.

சாப்பிடும்போது பார்த்தேன். அவர் விரலில் மை இல்லை. என் விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

செப்டம்பர் 30, புதன்

கவுன்சிலர் ஜெயித்துவிட்டார். மயிரிழையில்.

பெட்டிவாரியாக எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். டீச்சர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் பெட்டியில் கவுன்சிலர் தோற்றிருக்கிறார், நன்றாகவே. அடுத்த தெருக்களில் எல்லாம் ஜெயித்திருக்கிறார். மாமா சொன்னது சரிதான். யார் எதைப் போட்டது என்பதுதான் ரகசியம். எங்கள் தெரு என்ன போட்டது என்பது ரகசியமே இல்லை. இதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்திருந்தால் போகாமல் இருந்திருப்பேனா?

வெற்றி ஊர்வலம் எங்கள் தெருமுனை வரை வந்தது. அங்கே மேளத்தை நிறுத்தினார்கள். கோஷமும் போடவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்று தெருவைப் பார்த்தார்கள். பிறகு மேளத்தோடு திரும்பிப் போனார்கள்.

அக்டோபர் 2, வெள்ளி

மாடியில் பெட்டி ஊமை. ஆம்ப்ளிஃபயர் அலமாரிச் சாவியை மாமா இவரிடமிருந்து வாங்கிவிட்டாராம். மைக் போடவும் அணைக்கவும் இனி வேறு ஆள். மாடி இணைப்பு பழுது என்று சொல்லச் சொன்னார்களாம். சத்தமே வராமல் குனிந்தோம், நிமிர்ந்தோம், கீழே தரை அதிர்வதை வைத்து.

இவர் வீட்டில் வேலை இல்லாத கையோடு உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 6, செவ்வாய்

மையவாடிச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் அம்புக்குறிகளும் எண்களும். வாப்பாவின் தலைமாட்டுக்கு நேராக ஒன்று.

கவுன்சிலருக்கு இன்று பாலத்தைப் பொருத்தினார்கள். கண்ணாடியில் பார்த்து, “கச்சிதம்” என்றார். போகும்போது, “உங்க தெருவுக்கு விளக்குப் போட்டுட்டேன், பாத்தீங்களா?”

பார்த்தேன். மாடிப்படிக்கு நேர் எதிரே, கண் கூசும் வெள்ளை விளக்கு. அந்தப் படியில் யார் இறங்கினாலும் தெருமுனை வரை முகம் தெரியும்.

அக்டோபர் 8, வியாழன்

மாமா வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

“சுவத்துல பாத்தியா?” என்றார், என்னிடம் நேராக.

“பாத்தேன் மாமா.”

“கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். வாசல்லயே நிக்க வச்சுட்டாரு. நீங்க பேச்சை மாத்திட்டீங்கன்னாரு.” கொஞ்சம் இருமினார், இது சளி இருமல். “நீங்கல்லாம் போகாம இருந்திருந்தா…”

“கோடு போட்டிருக்க மாட்டாங்களா மாமா?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “தெரியல” என்றார். “வரைபடத்துல முன்னாடியே இருந்துச்சாமே. உன் மாமிதான் சொன்னா. வீட்டுல இப்ப அவதான் பேசறா, நான் கேக்கறேன்.”

எனக்கும் தெரியவில்லை. நாங்கள் போனதால்தான் அந்தப் பெயிண்டா, போகாவிட்டாலும் வந்திருக்குமா — இதைச் சாகும்வரை யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை.

“அந்தக் கவுன்சில் கூட்டம்,” என்றார் மாமா. “யார் வேணாலும் போயி ஆட்சேபணை சொல்லலாமா?”

“சொல்லலாம். டீச்சர் எழுதிக் கொடுத்துட்டாங்க. அடுத்த வாரம் நமக்கு நேரம் தந்திருக்காங்க.”

“யார் பேசறது?”

மாமா, கதவோரம் நின்றிருந்த இவரைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். “நாளைக்கு ஜும்ஆவுக்கு அப்புறம் எல்லாரும் உக்காந்து பேசணும். மேல இருக்கறவங்க சொல்றது கீழ கேக்கணும். முடியுமாடா?”

“இன்னொரு ஒயர் இழுக்கணும்” என்றார் இவர்.

அக்டோபர் 9, வெள்ளி

தொழுகைக்கு முன்னால், யாரும் வராத நேரத்தில் போனோம். கீழேயிருந்து மேலே போகும் ஒயருக்குப் பக்கத்திலேயே மேலேயிருந்து கீழே போக ஒன்றை அவர் அடித்துக்கொண்டே வந்தார். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். மரத்தட்டி வழியாகத் தெருமுனை தெரிந்தது. பைக் நின்றிருந்தது. ஹெல்மெட்டோடு.

மாடியில் மைக்கை ஸ்டாண்டில் பொருத்திவிட்டு, கீழே வந்து எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லிக் கொடுத்தார், எப்போதாவது அவர் வராத நாளுக்கு.

“பேசி முடிச்சதும் இதை அணைக்கணும். இந்தப் பச்சை விளக்கு எரியற வரைக்கும் நீ பேசறது எல்லாம் போய்க்கிட்டே இருக்கும். மறந்துட்டேன்னு அப்புறம் சொல்லக் கூடாது.”

அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தேன். கட்டைவிரல் அளவு. ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளின் கண்ணுக்கு நேராக. அன்றைக்கு மாமா பேசியபோதும் இவர் இதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். கேஸை இரண்டு தடவை பார்க்கிற மனிதர்.

“அன்னைக்கு மறந்துட்டீங்களே” என்றேன்.

ஸ்குரூவை முறுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது.

“மாமா முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்ல எனக்கு வராது,” என்றார். “உனக்கே தெரியும்.” ஸ்குரூ இறுகும் சத்தம். “நான் எப்ப எதை மறந்திருக்கேன்?”

கையில் மிச்சமிருந்த ஆணிகளை அவரிடம் நீட்டினேன். அவர் டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு, “மேல போ. சத்தம் வருதான்னு பாக்கணும்” என்றார்.

மாடிக்குப் போனேன். வெறும் அறை, சுருட்டிய பாய்கள், நடுவில் மைக். கீழே அவர் பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டது. ‘டொக்’. அணைக்கும்போது வருகிற அதே சத்தம்தான். போடும்போதும் அப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது. நாங்கள் வருவதற்கு முன்பே போட்டுவிடுவதால் இதுவரை தெரியவில்லை.

“ம், பேசு” என்றார் கீழிருந்து.

தெருமுனையில் பைக்கில் இருந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மாடியைப் பார்த்தான். நான் மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்தேன்.